இடுப்பில் தெரிகிற துப்பாக்கி: டெக்சாஸிலிருந்து சில குறிப்புகள்

13 செப்டம்பர் 2025, கோவையிலிருந்து ஒரு வாசகர்:

"புளோரிடாவில் இனி துப்பாக்கியை வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் கடைக்குப் போகலாம் என்று தீர்ப்பு வந்திருக்கிறதாம். டெக்சாஸில் இது பல வருஷமாக இருக்கிறது என்கிறார்கள். குடும்பத்தோடு அங்கே இருக்கிறீர்களே, பயமாக இல்லையா? ஹூஸ்டனில் இருக்கும் என் மாமா மகன், 'துப்பாக்கி கண்ணுக்குத் தெரிந்தால் திருடன் கிட்டே வரமாட்டான், சட்டத்தைத் தளர்த்தியது நல்லதுதான்' என்று வாதாடுகிறான்."

13 செப்டம்பர், இரவு

முதலில் அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதை எடுத்துவிடுங்கள். பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், குடும்ப வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் என்று ஒரு பட்டியலே உண்டு. அவர்கள் தொடவே கூடாது. அந்தப் பட்டியலில் நம்மவர்கள் பலரும் வருவார்கள், அதைப் பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 10 அன்று புளோரிடாவின் முதல் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 1987 முதல் இருந்த தடை செல்லாது என்று சொல்லிவிட்டது. 2022 ஜூலை 4 அன்று, அதாவது அவர்கள் சுதந்திர தினத்தில், பென்சகோலா நகரத்து முச்சந்தி மாதிரி ஒரு இடத்தில் கையில் அரசியல் சாசனமும் இடுப்பில் கைத்துப்பாக்கியுமாக நின்று கைதான ஒருவருடைய வழக்கு. வழக்குக்காகவே போய் நின்றார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இங்கே சட்டங்கள் பாதி இப்படித்தான் மாறுகின்றன.

டெக்சாஸ் கதை வேறு. இங்கே நீதிமன்றம் செய்யவில்லை, சட்டமன்றமே செய்தது. 2016 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் உள்ளவர் கைத்துப்பாக்கியைத் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸும் வேண்டாம், 21 வயது நிரம்பி, தடைப் பட்டியலில் இல்லாமல் இருந்தால் போதும்.

பயமா? நான் டாலஸுக்கு வடக்கே இருக்கிறேன். உண்மையில் கண்ணில் படுவது அபூர்வம். வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சட்டைக்குள்தான் வைத்திருக்கிறார்கள். எப்போதாவது பெட்ரோல் பங்க் கடையில் ஒருவர் நிற்பார். கடைசியாக நான் பார்த்தவர் அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, இடுப்பில் கருப்பு பிளாஸ்டிக் உறை, அதற்குள் துப்பாக்கி. கையில் ஒரு பால் கேன், ஒரு சிப்ஸ் பாக்கெட். அரைக்கால் சட்டையின் இடுப்புப் பட்டை அந்த எடையைத் தாங்காமல் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே இருந்தது, அவர் முழங்கையால் அதை ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தார். வரிசையில் நின்ற எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்தோம். கல்லாவில் இருந்த பெண் மட்டும் சிரித்துப் பேசிக்கொண்டே அவரைச் சீக்கிரம் அனுப்பிவைத்தார்.

14 செப்டம்பர்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. டெக்சாஸில் ரைஃபிளுக்கு எப்போதுமே லைசென்ஸ் கிடையாது. நீளத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் போவது 2016க்கு முன்பும் சட்டப்படி சரி. கைத்துப்பாக்கிக்குத்தான் 1871 முதல் தடை. பெரிய துப்பாக்கி தெரியலாம், சின்னது தெரியக்கூடாது! இந்தக் கோணலைக் காட்டத்தான் 2014 வாக்கில் சிலர் ரைஃபிளோடு உணவகங்களுக்கும் பெரிய கடைகளுக்கும் கூட்டமாகப் போனார்கள். பர்ரிட்டோ சாப்பிட வந்தவர்கள் மிரண்டார்கள். சிபோட்லே, டார்கெட் எல்லாம் 'தயவுசெய்து கொண்டுவராதீர்கள்' என்று அறிக்கை விட்டன. துப்பாக்கி உரிமைக்கே பெயர் போன தேசிய ரைஃபிள் சங்கம்கூட அவர்கள் நடத்தை விசித்திரமாக இருக்கிறது என்று எழுதி, ஆட்கள் கோபித்துக்கொண்டதும் நாலு நாளில் பின்வாங்கியது. ஆனால் கூட்டம் நினைத்தது அடுத்த வருஷமே நடந்தது.

14 செப்டம்பர், இரவு

செப்டம்பர் 10 அன்றே யூட்டாவில் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டதைச் சிலர் இங்கே இழுக்கிறார்கள். அது கூரைமேல் படுத்துக்கொண்டு ரைஃபிளால் சுட்டது. இடுப்பில் தெரிய வைப்பதா மறைப்பதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேண்டாம்.

15 செப்டம்பர்

'அமெரிக்காவில் கௌபாய் காலத்திலிருந்தே எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடுதான் அலைந்தார்கள், இது அவர்கள் கலாச்சாரம்' என்று எழுதியவருக்கு: அது சினிமா கலாச்சாரம். அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1881இல் இருந்த விதிப்படி ஊருக்குள் வந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். ஓ.கே. கொரால் சண்டை என்று படம் படமாக எடுக்கிறார்களே, அந்த வருஷம் அக்டோபர் 26 அன்று நடந்தது, அதன் உடனடிக் காரணமே துப்பாக்கியை ஒப்படைக்காத ஆட்களிடம் போலீஸ்காரர்கள் போய்க் கேட்டதுதான். கன்சாஸின் டாட்ஜ் சிட்டியிலும் 'ஊருக்குள் துப்பாக்கி கூடாது' என்று பலகையே வைத்திருந்தார்கள். டெக்சாஸின் அரசியல் சாசனமே, ஆயுதம் வைத்திருப்பது உரிமை, ஆனால் அதை அணிந்து திரிவதைக் குற்றத்தடுப்புக்காகச் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. 1876இல் எழுதியது.

மறுபக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. 1846இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் மறைத்து வைப்பதைத் தடுக்கலாம், வெளிப்படையாக வைப்பதைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தக் காலத்து எண்ணம் அப்படி: யோக்கியன் எதற்கு மறைக்க வேண்டும்? இன்று நேர் எதிர். மறைத்து வைப்பவர் நாகரிகமானவர், தெரிய வைப்பவர் வம்புக்காரர் என்று பார்க்கிறோம். புளோரிடா நீதிமன்றம் பழைய எண்ணத்தின் பக்கம் நின்றுவிட்டது. 2022இல் நியூயார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று அளவுகோல் வைத்த பிறகு, நீதிபதிகள் எல்லோரும் பழைய தாள்களைப் புரட்ட வேண்டியதாகிவிட்டது.

16 செப்டம்பர்

எச்-1பி கேள்வி நாலைந்து பேரிடமிருந்து. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

டெக்சாஸ் லைசென்ஸ் வேண்டாம் என்றுவிட்டதே, நானும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா? கூடாது. எச்-1பி, எல்-1, மாணவர் விசா என்று குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். சில விலக்குகள் இருக்கின்றன, நடைமுறையில் எல்லோரும் சொல்வது வேட்டை லைசென்ஸ். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடை விலகும். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடையே இல்லை. மாநிலம் தளர்த்தியது மாநிலச் சட்டத்தை மட்டும்தான்.

வாரக் கடைசியில் ஆபீஸ் நண்பர்களோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் சுட்டு, போட்டோவை வாட்ஸப் குரூப்பில் போடுகிற தம்பிகளுக்கும் இது பொருந்தும். கையில் எடுத்தாலே 'வைத்திருத்தல்'தான். யாரும் கேட்கவில்லை என்பதால் சரி என்று ஆகாது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன் இந்த விளையாட்டுக்கு வரக்கூடாது.

இன்னொன்று, குடியுரிமை உள்ளவர்களுக்கும். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு அதில் விலக்கு. லைசென்ஸ் இல்லாமல் 'மாநிலமே அனுமதித்துவிட்டது' என்று இடுப்பில் மாட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்த விலக்கு இல்லை. எங்கள் பகுதியில் திரும்பின இடமெல்லாம் பள்ளிக்கூடம். அந்த 1,000 அடியைத் தொடாமல் மளிகைக்கடைக்குப் போகவே வழி கிடையாது. இதற்காகவே பலர் இன்னும் லைசென்ஸ் எடுக்கிறார்கள்.

17 செப்டம்பர்

ஹூஸ்டன் மாமா மகன் நேரடியாகவே வந்துவிட்டார், வாங்க. 'லூபிஸ் பற்றி எழுதாமல் டெக்சாஸ் பற்றி எழுதாதீர்கள்' என்கிறார். நியாயம்.

1991 அக்டோபர் 16. கில்லீன் ஊரில் லூபிஸ் என்கிற உணவகம். ஒருவன் வண்டியைக் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே ஓட்டி, இறங்கிச் சுட ஆரம்பித்தான். 23 பேர் செத்தார்கள். அப்பா அம்மாவோடு சாப்பிட வந்திருந்த சுசானா ஹப் என்ற பெண்மணி கைப்பையில் கையை விட்டுத் தேடியிருக்கிறார், பிறகுதான் ஞாபகம்: துப்பாக்கி காரில் இருக்கிறது. கூட எடுத்துவந்தால் சட்டவிரோதம், தொழில் லைசென்ஸ் போய்விடும் என்று காரிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு பேரையும் அங்கேயே இழந்தார். பிறகு ஊர் ஊராகப் போய் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார், டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1995இல் ஜார்ஜ் புஷ் ஆளுநராக இருந்தபோது மறைத்து வைக்க லைசென்ஸ் தரும் சட்டம் வந்ததில் சுசானாவின் சாட்சியத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் பேச்சைக் கேட்டால் வாதாட வாய் வராது. எனக்கு வந்ததில்லை. நான் லைசென்ஸ் எடுத்ததற்கும் அந்த மாதிரி யோசனைதான் காரணம்.

ஆனால் தம்பி, அவருடைய வாதம் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு. ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்கு அல்ல. கைப்பைக்குள் இருந்திருந்தால் போதும் என்றுதான் அவரே சொல்கிறார். நீங்கள் சொல்லும் 'திருடன் கிட்டே வரமாட்டான்' வேறு வாதம். ஒருவன் சுடத் தீர்மானித்து வருகிறான், வாசலில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியோடு காபி வாங்குகிறார் என்றால் முதல் குண்டு யாருக்கு? நிறைய பயிற்சியாளர்கள், துப்பாக்கி ஆதரவாளர்களே, இதனால்தான் மறைத்து வை என்கிறார்கள். அப்புறம் பின்னாலிருந்து பிடுங்குவது. போலீஸ்காரர் மாட்டும் உறையில் இரண்டு மூன்று பூட்டு உண்டு, பிடுங்க வராது. நான் சொன்ன ரப்பர் செருப்புக்காரர் உறையில் ஒன்றும் கிடையாது, வரிசையில் பின்னால் நின்ற நான் இரண்டு விரலால் உருவியிருக்கலாம்.

18 செப்டம்பர்

மாமா மகனின் பதில்: 'அப்படிப் பிடுங்கின கதை எத்தனை நடந்திருக்கிறது? கற்பனைப் பயம்.' சரி, அடிக்கடி நடப்பதில்லைதான். இதை நான் பெரிய வாதமாக வைக்கவில்லை. ரத்த ஆறு ஓடும் என்று 1995இலும் 2015இலும் சொன்னார்கள், லைசென்ஸ்காரர்களால் அப்படி ஒன்றும் ஓடவில்லை என்பதும் உண்மை. என் சங்கடம் வேறு இடத்தில். உட்கார்ந்து எழுத நேரம் வேண்டும்.

19 செப்டம்பர்

அதற்கு முன், லைசென்ஸ் வகுப்பு எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு. நாலு முதல் ஆறு மணி நேரம் பாடம், ஒரு எழுத்துத் தேர்வு, பிறகு சுட்டுக் காட்ட வேண்டும். 50 தோட்டா. 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 மதிப்பெண், 175 வாங்கினால் பாஸ். மூன்று கஜம் என்றால் நம் வீட்டு ஹாலில் சோபாவிலிருந்து டிவி இருக்கிற தூரம். அதிலேயே பலகைக்கு வெளியே சுடுகிறவர்கள் உண்டு. என் பக்கத்துத் தடத்தில் நின்றவர் பெரிய கன் ஆசாமி, தொப்பி முதல் பூட்ஸ் வரை அந்த அலங்காரம். கை நடுங்கி, தாளின் ஓரத்திலெல்லாம் ஓட்டை. சொல்லிக்கொடுத்தவர் ரிடையர்டு போலீஸ்காரர். அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், 'இன்னும் ரெண்டு மாதம் பழகிட்டு வாங்க' என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினார்.

2021க்குப் பிறகு அந்த ஓரமாகக் கூட்டிப்போகிற வேலை போய்விட்டது. அதுதான் எனக்கு வருத்தம். லைசென்ஸ் இன்னும் இருக்கிறது, விரும்பினால் எடுக்கலாம். எடுக்க வேண்டும் என்று எழுத்தில் இல்லை. கட்டணமும் 140 டாலரிலிருந்து 40 ஆக 2017இலேயே குறைத்துவிட்டார்கள், ஏழைகளுக்குச் சுமை என்ற பேச்சுக்கு அதிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. 2021இல் போலீஸ் அதிகாரிகளே வந்து வேண்டாம் என்று சாட்சி சொன்னார்கள். மாநில மேலவையான செனட்டில் 18க்கு 13 என்று நிறைவேறியது. ஆளுநர் ஆபட் அலமோ கோட்டை முன்னால் மேஜை போட்டுக் கையெழுத்து விழா நடத்தினார்.

20 செப்டம்பர்

என் சங்கடம்.

நம் ஊரில் துப்பாக்கியையே பார்க்காதவர்கள் மாதிரி பேசுகிறோம். வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், பழைய ராணுவக்காரர், மடியில் இரட்டைக்குழல் துப்பாக்கி. ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுவரும் வேனிலிருந்தும் ஒருவர் இறங்குவார். அவரை இடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறோம், பயந்ததே இல்லை. ஏன்? அவர் யார், எதற்கு நிற்கிறார் என்பது உடுப்பிலேயே தெரிகிறது. துப்பாக்கி தெரிவது பிரச்சினையே இல்லை. ஆள் யார் என்று தெரியாததுதான் பிரச்சினை.

லைசென்ஸ் இருந்த காலத்தில், அரசாங்கம் என்ற ஒன்று அந்த ஆளைப் பார்த்து, விரல்ரேகை எடுத்து, சுடச்சொல்லிப் பார்த்து அனுப்பியிருக்கிறது என்ற ஒரு நம்பிக்கை. அதை எடுத்த பிறகு அந்த வேலையை யார் செய்ய வேண்டும்? பெட்ரோல் பங்க் கல்லாவில் இருக்கிற அந்தப் பெண். 911 என்கிற அவசர உதவித் தொலைபேசியை எடுக்கிறவர். வரிசையில் பின்னால் நிற்கிற நான். முகத்தைப் பார்த்து, நடையைப் பார்த்து, தோலின் நிறத்தைப் பார்த்து.

கொலராடோ ஸ்பிரிங்ஸில் 2015 அக்டோபர் 31 காலை. எதிர்வீட்டுப் பக்கம் ஒருவன் ரைஃபிளோடு அலைகிறான் என்று ஒரு பெண்மணி 911க்குக் கூப்பிட்டார். எடுத்தவர், இந்த மாநிலத்தில் வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று சட்டத்தைச் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. சற்று நேரத்தில் அதே பெண்மணி மறுபடி கூப்பிட்டார், அதற்குள் அவன் சைக்கிளில் போன ஒருவரைச் சுட்டிருந்தான். அன்று மூன்று பேர் செத்தார்கள்.

அடுத்தது எங்கள் டாலஸ். 2016 ஜூலை 7. ஊர்வலத்தில் ஒருவன் ஒளிந்திருந்து சுட்டு ஐந்து போலீஸ்காரர்களைக் கொன்றான். அந்த ஊர்வலத்தில் ரைஃபிளைத் தோளில் மாட்டியபடி சட்டப்படி நடந்த இருபது முப்பது பேர் இருந்தார்கள். சுட ஆரம்பித்ததும் அவர்கள் ஓடினார்கள், எல்லோரையும் போல. போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன் பிறகு வெளிப்படையாகவே சொன்னார்: எல்லோரிடமும் ரைஃபிள் இருந்தால், சுட ஆரம்பித்த பிறகு எவன் நல்லவன் எவன் கெட்டவன் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? சட்டப்படி ஏஆர்-15 ரைஃபிள் வைத்திருந்த ஒரு கறுப்பினத்தவரின் போட்டோவைச் சந்தேக நபர் என்று போலீஸே இணையத்தில் போட்டது. அவர் தானாகப் போய்ப் போலீஸ்காரரிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார், விசாரித்து விட்டுவிட்டார்கள். ஆனாலும் அந்த போட்டோ ராத்திரி வெகுநேரம் அப்படியே கிடந்தது. அவர் வீட்டார் டிவியில் அதைப் பார்த்தபடி எப்படி உட்கார்ந்திருப்பார்கள்?

21 செப்டம்பர்

'அப்படியானால் வெள்ளைக்காரருக்கு மட்டும்தான் உரிமை என்கிறீர்களா' என்று ஒருவர் கோபமாக. அய்யா, நான் சொல்வதற்கு நேர் எதிர் அது. எழுத்தில் எல்லோருக்கும் இருக்கிறது, தெருவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. 1967 மே 2 அன்று கறுப்பின உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் ரைஃபிளோடு கலிபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் நடந்தார்கள். தோட்டா போட்ட துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துப்போகத் தடை விதிக்கும் மசோதாவை எதிர்த்துத்தான் போனார்கள். மசோதா இன்னும் வேகமாக நிறைவேறியது, கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். கறுப்பர் கையில் தெரிந்ததும் கட்டுப்பாடு வந்துவிட்டது.

2015 டெக்சாஸ் விவாதத்தில் ஒரு வேடிக்கையான கூட்டணி உருவானது. துப்பாக்கி தெரிகிறது என்பதற்காக மட்டும் போலீஸ் ஒருவரை நிறுத்தி லைசென்ஸ் கேட்கக் கூடாது என்று ஒரு திருத்தம். கொண்டுவந்தவர்கள் ஹூஸ்டனின் கறுப்பின ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஹெரால்ட் டட்டனும், தீவிர வலதுசாரியான மாட் ரினால்டியும். ஒருவருக்கு நிறத்தைப் பார்த்து நிறுத்துவார்களே என்ற கவலை, இன்னொருவருக்கு அரசாங்கம் எதற்குக் கேள்வி கேட்கிறது என்ற கோபம். போலீஸ் சங்கங்கள் எதிர்த்தன, கடைசி வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு திருத்தத்தின் மேல் எனக்கு இன்னமும் தெளிவு இல்லை. போலீஸ் நிறுத்திக் கேட்கலாம் என்றால் என்னைத்தான் முதலில் நிறுத்துவார்கள். கேட்கவே கூடாது என்றால் லைசென்ஸ் எதற்கு?

21 செப்டம்பர், சற்று பிறகு

ஆஸ்டின் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். 2020 ஜூலை 25, இரவு, நகர மையத்தில் ஊர்வலம். கூட்டத்துக்குள் ஒரு கார் திரும்புகிறது. ஊர்வலத்தில் ஏகே ரக ரைஃபிளைச் சட்டப்படி முன்னால் தொங்கவிட்டிருந்த ஒருவர் காரை நெருங்குகிறார். ஓட்டியவரிடம் கைத்துப்பாக்கி, அதுவும் சட்டப்படி. ரைஃபிள் என் பக்கம் உயர்ந்தது என்று ஓட்டியவர் சுட்டுவிட்டார். உயரவில்லை என்று சாட்சிகள். 2023இல் ஜூரி கொலை என்றது, 25 வருஷத் தண்டனை. 2024 மே மாதம் ஆளுநர் மன்னித்து வெளியே விட்டார். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை இரண்டு பேருமே பயன்படுத்தினார்கள், எந்தப் பக்கம் நின்றாலும் இந்த வழக்கு இடிக்கும்.

23 செப்டம்பர்

கொஞ்சம் லேசாகப் பேசலாம். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் பலகைகள்.

மது பார் வாசலில் சிவப்பில் பெரிதாக '51%' என்று இருக்கும். சென்னையிலிருந்து வந்த என் நண்பர் ஒருவர் தள்ளுபடி என்று நினைத்து உள்ளே போய்விட்டார். வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது, எனவே துப்பாக்கி கூடாது என்று அர்த்தம்.

அப்புறம் '30.06', '30.07'. தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்கள். முதலாவது லைசென்ஸ்காரர் மறைத்து வைத்துக்கொண்டு வரக்கூடாது என்பது, இரண்டாவது தெரிய வைத்துக்கொண்டு வரக்கூடாது என்பது. 30-06 என்பது புகழ்பெற்ற ரைஃபிள் தோட்டா ஒன்றின் பெயரும்கூட, தற்செயலா குறும்பா, கடவுளுக்கே வெளிச்சம். எச்-இ-பி மளிகைக்கடைகள் 2016இல் இரண்டாவதை மட்டும் மாட்டின: மறைத்து வைத்திருந்தால் வா, காட்டாதே. வாட்டபர்கர் உணவகங்களும் அதே. டெக்சாஸின் இரண்டு செல்லப்பிள்ளைகளும் அப்படிச் சொன்னபோது பெரும்பாலோர் அவர்களை விரோதி என்று சொல்லவில்லை.

எங்கள் பக்கத்துக் கோவிலில் இந்தப் பலகை வைப்பது பற்றித் தொண்டர்கள் கூட்டம் போட்டார்கள். வழிபாட்டு இடங்கள் 2019 வரை சட்டத்தின் தடைப் பட்டியலில் பெயரளவுக்கு இருந்தன, பிறகு எடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்றால் நாம்தான் சொல்ல வேண்டும். பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதைச் சட்டமே சொல் சொல்லாகத் தருகிறது. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும், எழுத்து குறைந்தது ஒரு அங்குல உயரம். ஒவ்வொரு வாசலிலும். மறைத்தலுக்கு ஒன்று, தெரிதலுக்கு ஒன்று, லைசென்ஸே இல்லாதவர்களுக்கு 30.05 என்று இன்னொன்று. அவ்வளவையும் மாட்டினால் 'செருப்பை இங்கே விடவும்', 'செல்போனை அணைக்கவும்' பலகைகளுக்கு இடமில்லை. ஸ்பானிஷ் படிக்கிற பக்தர் யார் என்று ஒரு மாமி கேட்டார். தமிழிலும் தெலுங்கிலும் எழுதினால் சட்டப்படி செல்லாது, எழுதாவிட்டால் வருகிறவர்கள் படிக்கமாட்டார்கள்.

விவாதம் சூடாகவும் போனது. 2017இல் சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேர் கொல்லப்பட்டதையும், 2019 டிசம்பரில் ஃபோர்ட் வொர்த் பக்கம் ஒரு தேவாலயத்தில் சுட ஆரம்பித்தவனைப் பாதுகாப்புத் தொண்டர் ஒருவரே ஆறு விநாடிக்குள் சுட்டு வீழ்த்தியதையும் சொல்லி, பலகை வைத்தால் நம்மை நாமே கட்டிப்போட்டுக்கொள்கிறோம் என்றார் ஒருவர். 2023 மே மாதம் ஆலன் அவுட்லெட் மாலில் ஒருவன் சுட்டு எட்டுப் பேர் செத்தார்களே, அதில் ஹைதராபாத்திலிருந்து வந்த இளம் பொறியாளரும் ஒருவர், அந்தத் துக்கம் இன்னும் இந்தப் பக்கம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அன்று அவனை நிறுத்தியவர் வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஒரு போலீஸ்காரர். கடைசியில் 30.07 மட்டும் வைப்பது, விசேஷ நாளில் சம்பளத்துக்குச் சீருடைப் போலீஸ்காரரை நிறுத்துவது என்று முடிவு. நானும் அதற்குத்தான் கை தூக்கினேன்.

25 செப்டம்பர்

புளோரிடாவில் அந்தத் தீர்ப்பு இன்று முதல் நடைமுறைக்கு வருகிறது. மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் போன வாரத்திலேயே, தெரிய வைத்ததற்காக யாரையும் கைது செய்யாதீர்கள் என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டார். தடை இருக்கிற மாநிலங்கள் நியூயார்க், இல்லினாய் என்று கொஞ்சம்தான் மிச்சம்.

28 செப்டம்பர்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒருவர்: 'எங்கள் தாத்தா பெயரில் காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி. எலெக்ஷன் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்கி, திரும்ப அலைந்து எடுக்க வேண்டும். அமெரிக்காக்காரன் கொடுத்துவைத்தவன்.' இதை எங்கள் ரேஞ்சில் ஒரு டெக்சாஸ்காரரிடம் சொன்னேன். தேர்தல் வந்தால் துப்பாக்கியை அரசாங்கத்திடம் கொடுக்கிறதா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. தேர்தல் சமயத்தில்தானே அது கையில் இருக்க வேண்டும் என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

4 அக்டோபர்

மாமா மகன் நவம்பரில் குடும்பத்தோடு ஆர்லாண்டோ போகிறாராம், டெக்சாஸ் லைசென்ஸ் அங்கே செல்லுமா, இடுப்பிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். செல்லும். 2023 ஜூலை முதல் அங்கே மறைத்து வைக்கவும் லைசென்ஸ் தேவையில்லை. விமானத்தில் போவதானால் தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுன்டரில் சொல்லி, செக்-இன் பையில் போட வேண்டும். கைப்பையில் மறந்து வைத்துவிட்டு ஸ்கேனரில் மாட்டுகிறவர்கள் டாலஸ் விமான நிலையத்தில் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் தம்பி, நீங்கள் போவது டிஸ்னிக்கு. நீதிமன்றம் என்ன சொன்னாலும் அது தனியார் இடம், வாசலிலேயே பையைக் கிளறுவார்கள், துப்பாக்கி உள்ளே போகாது. பிள்ளைகளின் பொம்மைத் துப்பாக்கியையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அதையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.